வார்னிஷ் தொட்டியில் வெற்றிடம் வராதபோது: அறிகுறி வாரியாகப் பழுது காணும் முறை

கோயம்புத்தூர் வட்டாரத்தில் மோட்டார், பம்ப்செட் செய்யும் பட்டறைகளில் வைண்டிங்குக்கு (மோட்டாரின் கம்பிச் சுற்றுக்கு) வார்னிஷ் ஏற்றும் வெற்றிடத் தொட்டிகளைப் பழுதுபார்க்க என்னை அழைப்பவர்கள், தொலைபேசியில் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: “பம்ப் போய்விட்டது, வேன் செட் எடுத்துக்கொண்டு வாருங்கள்.” வேன் என்பது பம்புக்குள் சுழன்று காற்றைத் தள்ளும் தகடு. நேரில் போய்ப் பார்த்தால் பம்ப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், மூடி ரப்பரிலோ, எண்ணெயிலோ, சில வேளைகளில் அளவு காட்டும் கேஜிலோதான் கோளாறு இருக்கும். அதனால் செலவில்லாமல் பார்க்கக்கூடியதை முதலில் பார்த்து, பம்பைத் திறப்பதைக் கடைசிக்குத் தள்ளும் வரிசையில் இதை எழுதியிருக்கிறேன்.

கணக்குகள் அனைத்தும் ஒரே அமைப்பை வைத்துச் சொல்லப்படுகின்றன: 500 லிட்டர் தொட்டி, மணிக்கு 40 கன மீட்டர் உறிஞ்சும், எண்ணெயில் ஓடும் ஒற்றை நிலை ரோட்டரி வேன் பம்ப், வேலைக்குத் தேவையான அழுத்தம் 5 மில்லிபார் (முழு வெற்றிடம் பூஜ்யம்; எண் குறையக் குறைய வெற்றிடம் நல்லது). உங்கள் தொட்டியும் பம்பும் வேறு அளவாக இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். வரிசையை மாற்ற வேண்டாம்.

தொடங்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின்மேல், உள்ளே வெற்றிடம் இருக்கும்போது, வெளிக்காற்று ஏறத்தாழ 5 டன் எடையுடன் அழுத்திக்கொண்டிருக்கிறது. பார்வைக் கண்ணாடியில் கீறலோ விரிசலோ கண்ணில் பட்டால் மேற்கொண்டு எந்தச் சோதனையும் செய்யாமல் காற்றை உள்ளே விட்டுவிட்டு, கண்ணாடியை மாற்றிய பிறகே பம்பைத் தொடுங்கள்.

## அறிகுறி 1: வெற்றிடம் தேவையான அளவுக்கு இறங்கவில்லை

### முதலில் கேஜைச் சந்தேகியுங்கள்

முள் காட்டும் சாதாரண வட்ட கேஜ், வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் உள்ளே உள்ள வெற்றிடத்தைக் காட்டுகிறது. கடல் மட்டத்தில் முழு வெற்றிடம் என்றால் அந்த முள் 760 பாதரச மில்லிமீட்டரில் நிற்கும். கோவை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே வெளிக்காற்றின் அழுத்தமே சுமார் 965 மில்லிபார்தான். எத்தனை விலையுயர்ந்த பம்பைப் பூட்டினாலும் முள் 724-ஐத் தாண்டாது. ஊட்டியில் அதே கேஜ் 580-ஐ ஒட்டி நின்றுவிடும். “முன்பிருந்த ஊரில் 750 வரை வந்தது, இங்கே வரவில்லை” என்று சொல்லி, ஒரு பழுதும் இல்லாத பம்பைப் பிரித்துப் போட்டிருந்த இடத்துக்கு நானே போயிருக்கிறேன்.

அதோடு, இந்த வட்ட கேஜில் 5 மில்லிபார் என்பது நாலு மில்லிமீட்டர்கூட இல்லை, அதாவது முள்ளின் தடிமன் அளவு. 5 மில்லிபாரை உண்மையில் அறிய வேண்டுமென்றால் வெளிக்காற்றைச் சாராமல் நேரடி அழுத்தத்தைக் காட்டும் கேப்ஸ்யூல் கேஜோ, மின்னணுக் கெப்பாசிட்டன்ஸ் கேஜோ வேண்டும். பிரானி கேஜ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: சூடான கம்பியிலிருந்து வாயு எவ்வளவு வெப்பத்தை எடுத்துச்செல்கிறது என்பதை வைத்தே அது அழுத்தத்தைக் கணிக்கிறது, காற்றுக்கென்று அளவு குறிக்கப்பட்ட அந்தக் கருவி, தொட்டி முழுவதும் கரைப்பான் ஆவி நிறைந்திருக்கும்போது காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. கம்பியில் வார்னிஷ் படிந்துவிட்டால் காற்றுக்கும்கூடத் தவறாகவே காட்டும்.

சோதனை எளிது. தொட்டியைத் திறந்து வைத்து, நேரடி அழுத்தம் காட்டும் கேஜ் அன்றைய காற்றழுத்தத்தையும், வட்ட கேஜ் பூஜ்யத்தையும் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு, நன்றாக இருக்கும் வேறொரு கேஜை அதே இடத்தில் பொருத்திப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே அடுத்த படி.

### பம்பைத் தொட்டியிலிருந்து பிரித்துத் தனியே அளவிடுங்கள்

பட்டறைகளில் பெரும்பாலோர் தவிர்க்கும் படி இதுதான். ஆனால் பாதிச் சந்தேகத்தை ஒரே அடியில் தீர்த்துவிடும். பம்பின் உறிஞ்சு வாயிலுள்ள ஹோஸைக் கழற்றி, அங்கே ஒரு கேஜை மட்டும் பொருத்தி மற்றபடி முழுதாக அடைத்துவிட்டு, கேஸ் பேலஸ்ட் வால்வையும் (பம்புக்குள் சிறிது வெளிக்காற்றை விடும் வால்வு) மூடி, பம்பை இருபது நிமிடம் ஓட்டுங்கள். இவ்வகை ஒற்றை நிலை பம்புகளின் பெயர்ப்பலகையில் பொதுவாக 0.5 மில்லிபார் என்று இருக்கும். சூடேறிய பின் 1 அல்லது 2 மில்லிபாருக்கு வந்தால், 5 மில்லிபார் வேலைக்குப் பம்ப் தகுதியாகவே இருக்கிறது. குற்றவாளி தொட்டிப் பக்கத்தில் இருக்கிறான், கசிவு பற்றிய பகுதிக்குப் போங்கள். 10 மில்லிபாரிலேயே நின்றுவிட்டால் எண்ணெயை மாற்றி, அரை மணி நேரம் ஓட்டி, மீண்டும் அளவிடுங்கள். புதிய எண்ணெயிலும் அதே 10 என்றால்தான் வேன், வெளியேற்ற வால்வுத் தகடு, தண்டு சீல் ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டும்.

### கசிவா, ஈரமா: வால்வை மூடிக் கவனியுங்கள்

பம்ப் நன்றாக இருந்து, தொட்டியோடு சேர்த்தால் மட்டும் வெற்றிடம் நின்றுவிடுகிறது என்றால், கிடைக்கும் அளவு வரை வெற்றிடம் இழுத்து, தொட்டிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள வால்வை மூடிவிட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை கேஜைப் பார்த்துத் தாளில் எழுதுங்கள். அழுத்தம் ஒரே சீராக, நிமிடத்துக்கு நிமிடம் அதே அளவில் ஏறிக்கொண்டே போனால் அது கசிவு. முதலில் வேகமாக ஏறி, பிறகு தளர்ந்து, ஓர் எண்ணில் போய் ஒட்டிக்கொண்டால் அது உள்ளே இருக்கும் ஈரமோ கரைப்பானோ.

கசிவு என்று தெரிந்தாலும், அந்தக் கசிவுதான் வெற்றிடத்தைத் தடுக்கிறதா என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நம் பம்ப் நிமிடத்துக்கு ஏறத்தாழ 667 லிட்டர் உறிஞ்சுகிறது. அப்படிப்பட்ட பம்பை 5 மில்லிபாரிலேயே ஒரு கசிவு நிறுத்தி வைக்க வேண்டுமென்றால், வால்வை மூடியவுடன் தொட்டியின் அழுத்தம் நிமிடத்துக்கு 5 பெருக்கல் 667 வகுத்தல் 500, அதாவது கிட்டத்தட்ட 6.7 மில்லிபார் ஏற வேண்டும். நிமிடத்துக்கு அரை மில்லிபார்தான் ஏறுகிறதென்றால் கசிவு இருப்பது உண்மைதான். ஆனால் தடுப்பது அதுவல்ல. அப்போது பம்புக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள பாதையைப் பாருங்கள்: உள்ளே சப்பையாகிப்போன ரப்பர் ஹோஸ், பாதி திறந்த வால்வு, வார்னிஷ் தூசி அடைத்த உறிஞ்சு வடிகட்டி. குழாயின் விட்டம் பாதியானால் இந்த அழுத்தத்தில் காற்று கடக்கும் அளவு பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்பதால், “கையில் கிடைத்த சின்ன ஹோஸ்” என்ற சமாதானம் இங்கே செல்லாது.

### கசிவைத் தேடும் வரிசை

மூடியின் ஓ-ரிங்கிலிருந்து (வட்ட ரப்பர் சீல்) தொடங்குங்கள். அதைக் கையில் எடுத்து, கட்டைவிரல் நகத்தின் பின்புறத்தால் முழு வட்டத்தையும் ஒருமுறை மெதுவாகத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத, உலர்ந்து இறுகிய ஒரு வார்னிஷ் துளி, மயிரிழை அளவு இருந்தாலும் நகத்தில் தட்டுப்படும். ஒரு பட்டறையில் மூன்று வாரமாக 9 மில்லிபாரைத் தாண்டாமல் நின்றிருந்த தொட்டி, அப்படிப்பட்ட ஒரே ஒரு துளியைச் சுரண்டி எடுத்த பிறகு பத்து நிமிடத்தில் 2-க்கு இறங்கியது. அதற்குள் அவர்கள் ஒரு முழு வேன் செட்டை மாற்றி முடித்திருந்தார்கள். ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தையும் அதே போல் துடைத்துப் பார்க்க வேண்டும். கயிறாக வாங்கி வெட்டி ஒட்டிய ரிங் என்றால் ஒட்டிடத்தைக் கவனியுங்கள்: நேராக வெட்டி ஒட்டியது விரைவில் பிளக்கும், சாய்வாக வெட்டி ஒட்டியது நீடிக்கும்.

கிரீஸ் பற்றி ஒரு சொல். பொதுவாக வெற்றிட வேலைக்குச் சிலிக்கோன் கிரீஸைச் சொல்வார்கள். வார்னிஷ் தொட்டிக்கு அது வேண்டாம். சிலிக்கோன் துளியளவு வார்னிஷில் கலந்தாலும் பூச்சில் மீன்கண் போன்ற குழிகள் விழும். வெற்றிடத்தைச் சரிசெய்து வேலையைக் கெடுத்ததாக முடியும். சிலிக்கோன் கலக்காத வெற்றிட கிரீஸை, ரப்பர் பளபளக்கும் அளவுக்கு மட்டும் தடவினால் போதும். கிரீஸை அப்பி வைப்பது கசிவை மறைக்கும், தீர்க்காது. ஒட்டும் தூசியை வேறு சேர்த்துக்கொள்ளும்.

ஓ-ரிங் நன்றாக இருந்தால் அடுத்தது காற்று விடும் வால்வு: அதன் வாயில் மெல்லிய பாலிதீன் துண்டை வைத்தால், உள்ளே கசிகிறதென்றால் துண்டு ஒட்டிக்கொள்ளும். பிறகு வார்னிஷ் வரும் அடிவால்வு. அது கசிந்தால் பார்வைக் கண்ணாடி வழியாக அடியில் குமிழி எழுவது தெரியும். பின்னர் வெப்பமானி நுழையும் இடம், டெஃப்லான் டேப் சுற்றிய திருகு இணைப்புகள், கண்ணாடியின் கேஸ்கெட். ஒவ்வோர் இணைப்பையும் முறுக்கிப் பார்ப்பதைவிட, ஒரு பகுதியை அடைத்துவிட்டு மீதியைச் சோதிப்பது விரைவாக முடியும்.

சோப்பு நீர் பூசிக் குமிழி பார்க்க விரும்புவோர், தொட்டிக்கு உள்ளிருந்து அழுத்தம் தரலாமா என்று பெயர்ப்பலகையில் முதலில் படியுங்கள். வெற்றிடத்துக்காக மட்டும் செய்யப்பட்ட தொட்டியில் கம்ப்ரசர் காற்றைச் செலுத்துவது உயிருக்கு ஆபத்து.

### தொழில்நுட்பரை அழைக்க வேண்டிய இடம்

இவ்வளவும் பார்த்த பிறகும் சீரான ஏற்றம் தொடர்ந்தால், வெல்டிங் இணைப்பிலோ வெப்ப உறையின் உட்சுவரிலோ வெடிப்பு இருக்கலாம். அதை ஹீலியம் கசிவுமானி வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கருவியை வாங்கத் தேவையில்லை, ஒருநாள் சேவையாக அழைத்தால் போதும். வந்தவர் ஹீலியத்தை மேலிருந்து கீழாகத் தெளிக்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள். காற்றைவிட இலேசான அந்த வாயுவைக் கீழே தெளிக்கத் தொடங்கினால், அது மேலே ஏறி வேறோர் ஓட்டையைக் காட்டிக்கொடுத்துக் குழப்பும்.

## அறிகுறி 2: அழுத்தம் ஏதோ ஓர் எண்ணில் வந்து ஒட்டிக்கொள்கிறது

விறுவிறுவென்று இறங்கிய அழுத்தம் 40 மில்லிபார் அருகே வந்து நொண்டத் தொடங்கினால், அது பெரும்பாலும் தண்ணீர். 30 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் ஆவியழுத்தம் 42 மில்லிபார். உள்ளே ஒரு குவளை நீர் இருந்தாலும் அது கொதித்துத் தீரும் வரை பம்ப் அந்த ஆவியைத்தான் இழுத்துக்கொண்டிருக்கும். கொதிக்கும்போது நீர் குளிர்வதால் எண் மெல்ல மெல்லக் கீழே நகரும்: 20 டிகிரியில் 23, பூஜ்யத்தில் 6. ஆறு மில்லிபாரில் மணிக்கணக்கில் நிற்கும் தொட்டியின் அடியில் பனிக்கட்டியே உறைந்திருக்கலாம்.

இதைக் காணக் கருவி தேவையில்லை. தொட்டியின் அடிப்பாகத்தை வெளியிலிருந்து கையால் தடவுங்கள். ஓரிடம் மட்டும் சில்லென்று, வெளிச்சுவரில் வேர்த்தாற்போல் நீர்த்துளி பூத்திருந்தால், உட்புறம் அதே இடத்தில்தான் நீர் தேங்கியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில், இரவெல்லாம் திறந்து கிடந்த தொட்டியில் இது வாடிக்கை. வைண்டிங்கை அடுப்பில் 110 டிகிரி வாக்கில் சூடாக்கி ஈரம் போக்காமல், கிடங்கிலிருந்து எடுத்து அப்படியே ஏற்றியிருந்தாலும் இதே தொல்லை வரும். காயிலில் இருக்கும் காகிதமும் துணி நாடாவும் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். தீர்வு: காற்றை விட்டு, துடைத்து, தொட்டியைச் சூடாக்கி மறுபடி இழுப்பது.

வார்னிஷாக ஏற்றும் ரெசின் உள்ளே வந்த பிறகு 10 மில்லிபார் அருகே நின்று, கண்ணாடியில் நுரை பொங்குவது தெரிந்தால் அது வேறு கதை. ஸ்டைரீன் கலந்த பாலியெஸ்டர் ரெசின்களில், 30 டிகிரியில் தூய ஸ்டைரீனின் ஆவியழுத்தமே சுமார் 11 மில்லிபார். அதற்குக் கீழே இழுக்க முயன்றால் ரெசினிலிருந்து ஸ்டைரீனைக் கொதிக்க வைத்துப் பம்புக்குள் அனுப்புகிறோம் என்று பொருள். இங்கே பழுது எதுவும் இல்லை. ரெசின் தயாரிப்பாளர் சொல்லும் அழுத்தத்துக்குக் கீழே போக வேண்டாம், ரெசினைக் குளிர்வாக வைத்திருங்கள்.

## அறிகுறி 3: பம்ப் எண்ணெயின் நிறமும் தடிமனும் மாறுகின்றன

### பால்போல் வெளுத்திருந்தால்

நீர் கலந்துவிட்டது. பம்புக்குள் ஆவியாக வந்த நீர், அழுத்தப்படும்போது மறுபடி நீராகி எண்ணெயில் கலக்கிறது. உறிஞ்சு வால்வை மூடி, கேஸ் பேலஸ்ட் வால்வைத் திறந்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் சூடாக ஓட்டினால் இலேசான வெளுப்பு தெளிந்துவிடும். தெளியவில்லையென்றால் சூட்டோடு வடித்து மாற்றுங்கள். சிறிது காற்றை இடையில் விட்டு ஆவி நீராவதைத் தடுக்கும் இந்த ஏற்பாட்டை 1935 இல் ஜெர்மனியின் வோல்ஃப்காங் கேடே கொண்டுவந்தார். நம் பட்டறைகளில் பாதிப் பேர் “அதைத் திறந்தால் வெற்றிடம் குறைகிறது” என்று நிரந்தரமாக மூடி வைத்திருக்கிறார்கள். குறைவது உண்மைதான். அதனால் வேலை தொடங்கும் முன் இருபது நிமிடமும் முடிந்த பின் அரை மணியும் திறந்து ஓட்டுங்கள். இறுதி வெற்றிடம் வேண்டிய நேரத்தில் மூடிக்கொள்ளுங்கள்.

நிரப்புவது வெற்றிட பம்ப் எண்ணெய்தானா என்பதையும் பாருங்கள். லாரி எஞ்சின் எண்ணெயிலுள்ள சோப்பு போன்ற சேர்க்கைகள் நீரைப் பிரியவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். விலை வித்தியாசத்தை மிச்சம் பிடித்தவர்கள் அதைப் போலப் பல மடங்கை வேன் தகட்டில் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

### நீர்போல் மெலிந்து, தின்னர் வாடை அடித்தால்

கரைப்பான் எண்ணெயில் சேர்ந்துவிட்டது. உயவு போய் வேன்கள் தேயும். தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. உடனே நிறுத்தி, ஆறவிட்டு, எண்ணெயை மாற்றுங்கள். வாரம் ஒருமுறை இப்படி ஆகிறதென்றால் எண்ணெயை மாற்றிக்கொண்டே இருப்பது தீர்வாகாது. தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே குளிர்நீர் ஓடும் ஆவி வடிப்பான் ஒன்று வேண்டும். அதற்கு வடிவமைப்பாளரை அழைப்பதே முறை. அளவு தப்பினால் அதுவே பாதையை அடைக்கும். பம்பின் வெளியேற்றக் குழாயைப் பட்டறைக்குள் விடாமல், வெல்டிங் பொறி படாத திசையில் வெளியே கொண்டுபோய் விட்டிருக்கிறார்களா என்பதையும் அதே நாளில் பாருங்கள்.

### கறுத்துப் பிசின்போல் இழுத்தால்

விரலில் தொட்டு எடுத்தால் தேன்போல் நூல் விடும் எண்ணெயில், ஸ்டைரீன் சூட்டில் இறுகிப் பிசினாகத் தொடங்கிவிட்டது. வேன் தகடுகள் ரோட்டரின் பிளவுகளில் ஒட்டிக்கொண்டு வெளியே நீளாமல் நின்றுவிடும். சுத்த எண்ணெய் ஊற்றி, சிறிது நேரம் ஓட்டி, வடித்து, மறுபடி ஊற்றி, இப்படி இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள். வெற்றிடம் மீளாவிட்டால் பம்பைப் பிரித்துக் கழுவ வேண்டும். அதைப் பம்ப் பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள். வேன் தகட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து நுழைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தகடு அதன் பிறகு வெகுநாள் நிற்பதில்லை.

## அறிகுறி 4: வெளியேற்றக் குழாயில் எண்ணெய்ப் புகை

தொட்டி நிறையக் காற்று இருக்கும் முதல் ஓரிரு நிமிடங்களில் இலேசான புகை வருவது இயல்பு. நம் தொட்டி 5 மில்லிபாருக்கு இறங்கக் கணக்குப்படி நான்கு நிமிடம், நடைமுறையில் ஐந்தாறு நிமிடம் ஆகும். அதற்குப் பிறகும் புகை நிற்கவில்லையென்றால் முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள், மேல் கோட்டுக்கு மேலே இருந்தால் வடியுங்கள். அளவு சரி என்றால், பெரிய கசிவு காரணமாகப் பம்ப் தொடர்ந்து அதிகக் காற்றைத் தள்ளுகிறதா என்று அறிகுறி 1-இன் சோதனையைச் செய்யுங்கள். அதுவும் இல்லையென்றால் வெளியேற்ற வடிகட்டி கிழிந்தோ நிறைந்தோ இருக்கிறது. நிறைந்த வடிகட்டியின் அடையாளம், மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் வழக்கத்தைவிடக் கூடுவதும், எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் காற்று சீறுவதும். சில பம்புகளில் அதற்கென்றே அங்கே ஒரு சிறு பிரஷர் கேஜ் இருக்கும். அடைபட்ட வடிகட்டியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதித் திரும்பப் போடாதீர்கள், நுண்ணிழைகள் கிழிந்து மறுநாளே புகை இரட்டிப்பாகும். புதியது போடுங்கள்.

## அறிகுறி 5: பம்ப் எண்ணெய் தொட்டிக்குள் வந்துவிட்டது

மின்சாரம் நின்றபோது வந்ததா, ஓடிக்கொண்டிருந்தபோதே வந்ததா என்று முதலில் கேளுங்கள்.

மின்தடையின்போது என்றால், பம்ப் நின்றதும் தொட்டியின் வெற்றிடம் எண்ணெயைப் பின்னோக்கி இழுத்திருக்கிறது. அதைத் தடுக்க உறிஞ்சு வாயில் ஒரு தடுப்பு வால்வு இருக்க வேண்டும். அதன் இருக்கையில் பிசுபிசுப்போ துகளோ ஒட்டியிருந்தால் மூடாது. கழற்றித் துடைத்து, ரப்பர் வட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். மின்தடை அடிக்கடி வரும் இடங்களில், மின்சாரம் போனால் தானே மூடிக்கொள்ளும் சோலினாய்டு வால்வு ஒன்றைப் பாதையில் போட்டு, பம்ப் பக்கத்தில் மட்டும் காற்று புகும்படி செய்துவிட்டால் தொல்லை நிரந்தரமாக ஒழியும்.

ஓடும்போதே வந்தது என்றால், மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறது. மின்பலகையில் யாரோ வேலை செய்த மறுநாள் இது வரும். அப்படி ஒரு பட்டறையில் எலக்ட்ரீஷியன் இரண்டு பேஸ்களை மாற்றிப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். காலையில் ஸ்விட்சைப் போட்டவர், கேஜ் அசையவில்லையே என்று இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். அதற்குள் தெளிவான ஹோஸ் முழுவதும் எண்ணெய் ஏறி, தொட்டியில் தொங்கிய ஸ்டேட்டர்களின்மேல் (வைண்டிங் சுற்றிய, மோட்டாரின் சுழலாத பகுதி) தெறித்திருந்தது. எண்ணெய் பட்ட வைண்டிங்கில் வார்னிஷ் பிடிக்காது என்பதால் அவை எல்லாவற்றையும் கழுவி மீண்டும் அடுப்பில் வைக்க நேர்ந்தது. மின்வேலை எது நடந்தாலும், ஹோஸைக் கழற்றிவிட்டு ஒரு நொடி மட்டும் ஸ்விட்சைத் தட்டி, மோட்டார் விசிறி உறையிலுள்ள அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள். உறிஞ்சு வாயருகே காகிதத் துண்டைப் பிடித்தால் அது உள்ளே இழுக்கப்பட வேண்டும், தள்ளப்படக் கூடாது.

## அறிகுறி 6: சத்தம் மாறியிருக்கிறது

நல்ல வெற்றிடத்தை எட்டியதும் பம்ப் டக், டக் என்று தட்டுவதைக் கேட்டுப் பயந்து நிறுத்துகிறார்கள். எண்ணெயோடு கலந்து மெத்தையாக இருந்த காற்று தீர்ந்து, எண்ணெய் நேராக வால்வில் மோதுவதால் வரும் அந்தச் சத்தம், பம்ப் நன்றாக இருப்பதற்கே அடையாளம். கேஸ் பேலஸ்ட் வால்வைச் சற்றுத் திறந்தால் அடங்கும். அடங்காமல், வெற்றிடம் இல்லாத போதும் கடகடவென்று தட்டினால் வேன் உடைந்திருக்கலாம். நிறுத்திவிடுங்கள், ஓட்டிப் பார்க்க வேண்டாம், உடைந்த துண்டு உருளையைக் கீறிவிட்டால் வேன் செட்டின் செலவோடு முடியாது. கீச்சென்ற சத்தம் பேரிங்கிலிருந்தோ, பெல்ட் பம்ப் என்றால் தளர்ந்த பெல்ட்டிலிருந்தோ வருகிறது.

## அறிகுறி 7: பம்ப் அதிகம் சூடாகிறது, அல்லது கிளம்பவே மறுக்கிறது

எண்ணெயில் ஓடும் பம்பின் உடல் 70, 80 டிகிரி வரை போவது இயல்பு. கை வைக்க முடியவில்லை என்பதை மட்டும் வைத்துக் கவலைப்பட வேண்டாம். 100-ஐ நெருங்கினால் எண்ணெய் அளவு, நிறைந்த வெளியேற்ற வடிகட்டி, குளிர்விக்கும் துடுப்புகளில் படிந்த தூசி, இந்த வரிசையில் பாருங்கள். பஞ்சாலை அருகில் உள்ள பட்டறைகளில் விசிறி உறையின் வலையில் பஞ்சு கம்பளம்போல் ஒட்டியிருக்கும். அதைப் பிடுங்கி எடுத்ததே போதுமானதாக இருந்த நாட்கள் உண்டு.

காலையில் ஸ்விட்சைப் போட்டால் உறுமிவிட்டு டிரிப் ஆகிறதென்றால், முதலில் மூன்று பேஸ்களும் வருகின்றனவா என்று கிளாம்ப் மீட்டரில் பாருங்கள். ஒரு பேஸ் போயிருந்தால் மோட்டார் உறுமும், சுற்றாது. மூன்றும் இருந்தால், முந்தின மாலை காற்று விடாமல் நிறுத்தியதால் எண்ணெய் உருளைக்குள் ஏறி அடைத்திருக்கலாம். அந்த நிலையில் மறுபடி மறுபடி ஸ்விட்சைப் போட்டால், நசுங்காத எண்ணெயை வேன் தள்ள முயன்று உடையும். மெயினை நிறுத்தி ஃபியூஸை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, உறிஞ்சு வாயைத் திறந்து, கப்ளிங்கைக் கையால் நாலைந்து சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். தேங்கிய எண்ணெய் வெளியேற்ற வால்வு வழியாகப் பெட்டிக்குத் திரும்பும். கையால் சுற்றவே முடியவில்லையென்றால் பலம் கொடுக்காமல் பம்ப் பழுதுபார்ப்பவரை அழையுங்கள். அவர் வருவதற்குள் எண்ணெயை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்து வையுங்கள், அதில் வெண்மையா, பிசினா, உலோகத் தூளா என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார்.

## அறிகுறி 8: கேஜ் சரியாக இருக்கிறது, வைண்டிங்கில் மட்டும் குமிழி

தொட்டியில் 5 மில்லிபார் இருப்பதால் காயிலின் நடுவிலும் 5 மில்லிபார் என்று ஆகாது. நெருக்கிச் சுற்றிய கம்பிகளுக்கிடையே சிக்கிய காற்று வெளியே வர நேரம் பிடிக்கும். எண்ணைத் தொட்டவுடன் வார்னிஷைத் திறந்துவிடாமல், அதே அழுத்தத்தில் அரை மணி நேரம் பிடித்து வைத்துப் பாருங்கள். பிறகும் குமிழி இருந்தால் வார்னிஷை விடும் வேகத்தைக் குறையுங்கள்: கண்ணாடி வழியே பார்க்கும்போது, மட்டம் ஸ்டேட்டரின் பல் பல்லாக நுரையின்றி ஏற வேண்டும். மட்டம் வைண்டிங்கின் தலைக்கு மேல் இரண்டு விரற்கடை ஏறி, மேற்பரப்பில் குமிழி எழுவது முற்றிலும் நின்ற பின்பே காற்று விடும் வால்வில் கை வைக்கலாம்.